மகள் ஒரு பருவத்துக்கு ஜெர்மனி செல்கிறாள்: அக்காவையும் அத்தானையும் எப்படித் தயார்ப்படுத்துவது?

முலுண்ட்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் மும்பை முலுண்டில் வசிக்கிறேன். என் அக்காவும் அத்தானும் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சயான் கோலிவாடாவில் இருக்கிறார்கள். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். அத்தான் மும்பை நகரப் பேருந்தான பெஸ்ட்டில் நடத்துநராக இருந்து சென்ற ஆண்டு ஓய்வு பெற்றவர். அவர்களுடைய ஒரே மகள், என் மருமகள், பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் தேர்வாகி, குளிர்காலப் பருவம் ஒன்றை மட்டும் படிப்பதற்காகச் செப்டம்பர் இறுதியில் மியூனிக் செல்கிறாள், மார்ச்சில் திரும்பிவிடுவாள்.

மருமகளைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. விண்ணப்பம், விசா, விடுதி அறை என எல்லாவற்றையும் அவளே தேடிப் படித்து முடித்துக்கொண்டிருக்கிறாள். எனக்குக் கவலை தருவது பெற்றோருடைய நிலைதான். அத்தானுக்குத் தமிழ், இந்தி, மராத்தி மூன்றும் சரளம். ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படிப்பார். அக்காவுக்குத் தமிழ் மட்டுமே படிக்கத் தெரியும். இருவரும் இதுவரை விமானத்தில் ஏறியதில்லை. மகள் பேசுகிற சொற்கள் எதுவும் பிடிபடாமல், கேட்டால் அவள் சலித்துக்கொள்வாளோ என்று தயங்கி, இரவில் எனக்குத் தொலைபேசியில் அழைத்துக் கேட்கிறார்கள்.

முக்கியமாக மூன்று விஷயங்கள் உறுத்துகின்றன. முதலாவது, 'பிளாக்டு அக்கவுண்ட்' என்ற ஒன்றில் பெருந்தொகையைப் போட வேண்டும் என்று மகள் சொன்னதிலிருந்து, பிராவிடண்ட் பண்டில் வந்த பணம் முடங்கிப்போகுமோ என்று அத்தான் தூக்கமின்றி இருக்கிறார். இரண்டாவது, அக்கா இப்போதே அரிசி, புளி, பொடி வகைகள் என்று சேர்க்கத் தொடங்கிவிட்டார். எதை அனுப்பலாம், எதை அனுப்பக் கூடாது என்று தெரியவில்லை. மூன்றாவதைத்தான் எழுதத் தயக்கமாக இருக்கிறது. அக்காவுக்குச் சர்க்கரை நோய் அண்மையில் அதிகமாகி, இன்சுலின் போடும்படி மருத்துவர் கூறியிருக்கிறார். மகளுக்குத் தெரிந்தால் பயணத்தையே கைவிட்டுவிடுவாள் என்று சொல்லி, என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். நான் மறைப்பது சரிதானா?

பிள்ளைகளை அனுப்பிய அனுபவமுள்ளவர்கள், மாணவருக்கு அல்லாமல், பெற்றோருக்கு என்ன சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

செம்பூர் அம்மா எழுதியது:

என் மகன் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு இதே போன்ற பரிமாற்றத் திட்டத்தில் ஜெர்மனி சென்று வந்தான். உங்கள் மூன்றாவது கேள்விக்கு முதலில் பதில் எழுதுகிறேன், ஏனென்றால் அதில் நாங்கள் தவறு செய்தோம். அவன் அங்கே இருந்தபோது என் கணவருக்கு இதயக் குழாயில் அடைப்பு ஏற்பட்டு ஸ்டென்ட் வைத்தார்கள். தேர்வு முடியும் வரை சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தோம். ஆனால் உறவினர் ஒருவர் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "இப்போது உடல்நிலை எப்படி இருக்கிறது?" என்று கேட்டுவிட்டார். அன்று முதல் ஊர் திரும்பும் வரை, நாங்கள் நலம் என்று சொன்ன எதையும் அவன் நம்பவில்லை. ஒவ்வொரு நாளும் அப்பாவை நடக்கச் சொல்லி வீடியோவில் பார்த்தான். மறைத்தது அவனுடைய நிம்மதியைக் காப்பதற்காகத்தான், ஆனால் அதுவே அவன் நிம்மதியைக் கெடுத்தது. உங்கள் அக்காவிடம், மகள் புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பாவது, மருத்துவர் எழுதிய சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு தாமே சொல்லிவிடச் சொல்லுங்கள். இன்சுலினை யார் வாங்கி வருவார், மாதப் பரிசோதனைக்கு யார் உடன் செல்வார் என்பதையும் சேர்த்துச் சொன்னால், அந்தப் பெண் பயணத்தைக் கைவிட மாட்டாள். அவள் தேடுவது அந்த ஏற்பாட்டைத்தான்.

இன்னொன்றும் எனக்குத் தாமதமாகவே புரிந்தது. பதினெட்டு வயது நிறைந்த மாணவரைப் பற்றிப் பல்கலைக்கழகமோ மருத்துவமனையோ பெற்றோர் கேட்டாலும் எளிதில் எதையும் சொல்லாது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அப்படிப்பட்டது. மாணவரின் சம்மதம் வேண்டும். ஆகவே அவசரத் தொடர்புக்கு உரியவராகத் தந்தையையோ உங்களையோ அவள் பல்கலைக்கழகத்தில் எழுத்தில் பதிந்துவிட்டுச் செல்வது நல்லது. ஆங்கிலத்தில் பேசக்கூடியவர் நீங்கள் என்றால் உங்கள் பெயரே பொருத்தம்.

அதோடு, அக்காவுக்கும் அத்தானுக்கும் பாஸ்போர்ட் உண்டா? இல்லையென்றால் இந்த மாதமே விண்ணப்பியுங்கள். போகப் போகிறார்கள் என்பதற்காக அல்ல. ஏதேனும் நேர்ந்து ஒருவர் அங்கே செல்ல வேண்டிய நிலை வந்தால், பாஸ்போர்ட் இல்லாமல் விசாவுக்கு விண்ணப்பிக்கவே முடியாது. 36 பக்கப் புத்தகத்துக்குச் சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய்தான். நம் மக்களுக்குத் தடங்கல் வருவது பெயரில். ஆதாரில் ஒருவிதமாகவும், ரேஷன் அட்டையில் வேறுவிதமாகவும், இனிஷியல் ஓரிடத்தில் முன்னாலும் ஓரிடத்தில் விரிவாகப் பின்னாலும் இருக்கும். மும்பையில் குடும்பப் பெயர் கேட்கிற படிவங்களில் அவரவர் தோன்றியதை எழுதி வைத்திருப்போம். முதலில் ஆதாரைச் சரிசெய்துகொண்டு விண்ணப்பிப்பது அலைச்சலைக் குறைக்கும். மகளுடைய பயணச்சீட்டு, காப்பீடு, அந்நியச் செலாவணி அட்டை ஆகியவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகள் மாறாமல் அப்படியே இருக்கின்றனவா என்று அத்தான் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். வாழ்நாள் முழுவதும் பயணச்சீட்டு சரிபார்த்தவருக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இல்லை.

உணவைப் பற்றி. அக்காவின் கைகளைக் கட்டிப்போடாதீர்கள், ஆனால் விதிகளைத் தமிழில் எழுதிக் கொடுங்கள். பாலும் பால்பொருள்களும் இறைச்சியும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பயணப் பையில் கொண்டுவரக் கூடாது. ஆகவே நெய், பனீர், கோவா எல்லாம் இங்கேயே இருக்கட்டும். பச்சைக் கறிவேப்பிலையும் செல்லாது. 2019 டிசம்பர் முதல் காய், கனி, இலை, விதை அனைத்துக்கும் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும் என்று விதி செய்திருக்கிறார்கள். வாழை, தேங்காய், அன்னாசி, பேரீச்சை, துரியன் ஆகிய ஐந்துக்கு மட்டும் விலக்கு. கறிவேப்பிலையை வறுத்துப் பொடியாக்கிக் கொடுத்தனுப்பலாம். இட்லிப் பொடி, பருப்புப் பொடி, ரசப் பொடி, புளிக்காய்ச்சல், அப்பளம் இவற்றை இரட்டை உறையில் கட்டிச் சரக்குப் பையில் வைக்க வேண்டும். மிளகாய்ப் பொடியும் எண்ணெய் மிதக்கும் ஊறுகாயும் கைப்பையில் இருந்தால் மும்பையிலேயே எடுத்துவிடுவார்கள். கொப்பரைக்கு எண்ணெய்ப் பசை காரணமாகச் சரக்குப் பையிலும் தடை உண்டு.

விமானம் துபாய் போன்ற வளைகுடா நகரம் வழியாகச் செல்வதாக இருந்தால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: கசகசா ஒரு சிட்டிகைகூடக் கூடாது. அங்கே அது போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது, சிறைத்தண்டனை வரை செல்லும். அக்கா அரைக்கும் குருமா மசாலாவில் கசகசா சேர்ப்பவராக இருந்தால் அந்தப் பொடியையே தவிர்த்துவிடுங்கள். கோடீன் கலந்த இருமல் மருந்துக்கும் அங்கே அதே கண்டிப்பு. மற்ற மருந்துகளைச் சொந்தத் தேவைக்கு மூன்று மாத அளவு ஜெர்மனிக்குக் கொண்டு செல்லலாம். மருத்துவரிடம் மருந்தின் மூலப்பெயரை ஆங்கிலத்தில் எழுதி வாங்கி, மருந்தோடு வைத்துக்கொள்ளட்டும்.

அரிசியைப் பற்றிக் கவலை வேண்டாம், அங்கே கிடைக்கும். அந்த எடையை நல்ல கம்பளி உடைக்கும் பொடிகளுக்கும் கொடுங்கள். ஆனால் சனிக்கிழமை மாலை போய் இறங்குவதாக இருந்தால் இரண்டு நாளைக்குச் சமைக்காமல் உண்ணக்கூடிய உணவு அவசியம் இருக்க வேண்டும், ஏனென்றால் ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். என் மகன் அந்த முதல் ஞாயிறு முழுவதும் சப்பாத்தியும் தக்காளித் தொக்கும் சாப்பிட்டான். நான் கட்டிக்கொடுத்ததில் உண்மையாகவே பயன்பட்டது அதுதான்.

மாட்டுங்கா ஓய்வூதியர் எழுதியது:

வங்கியில் அந்நியச் செலாவணிப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் பணம் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

உங்கள் அத்தானின் அச்சத்துக்குக் காரணம் அந்தப் பெயர்தான். 'பிளாக்டு அக்கவுண்ட்' என்பது முடக்கப்பட்ட கணக்கு அன்று. மாணவியின் பெயரிலேயே ஜெர்மனியில் தொடங்கப்படும் கணக்கு அது. அங்கே தங்கும் மாதங்களுக்கு ஆகும் செலவை முன்கூட்டியே அதில் வைத்துவிட வேண்டும், பிறகு மாதந்தோறும் ஒரு குறிப்பிட்ட தொகை மட்டும் வெளியே வரும். கையில் பணமின்றி மாணவர் தவிக்கக் கூடாது என்பதற்காக அந்த நாடு வைத்த ஏற்பாடு. 2024 செப்டம்பர் முதல் இதன் அளவு மாதத்துக்கு 992 யூரோ, ஆண்டுக்கு 11,904 யூரோ. அவ்வப்போது உயர்த்துவார்கள், விசாவுக்கு விண்ணப்பிக்கும் நாளில் ஜெர்மன் துணைத் தூதரகத்தின் இணையதளத்தில் எது இருக்கிறதோ அதுவே செல்லும். ஆறு மாதத்துக்கு என்றால் 992 யூரோ வீதம் 5,952 யூரோ ஆகிறது. உதவித்தொகை கிடைத்திருந்தால் அது அந்த அளவில் கழியுமா என்பதைத் தூதரகத்திடம் கேட்டு அறியுங்கள். நம் ஊரில் மளிகைக் கடையில் முன்பணம் கட்டிவிட்டு மாதா மாதம் சாமான் எடுப்பதைப் போன்றது என்று சொன்னால் அவருக்கு விளங்கிவிடும்.

அத்தான் தம் கணக்கிலிருந்து அனுப்பினால் அவருடைய பான் எண்ணும், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ஏ2 என்னும் படிவமும் தேவைப்படும். ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது, ஆகவே அந்த எல்லை உங்களைத் தொடாது. 2025 ஏப்ரல் முதல், ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்பும்போதுதான் வங்கி முன்வரி பிடிக்கும் விதி பொருந்தும். அதுவும் வருமான வரிக் கணக்கில் திரும்பப் பெறக்கூடியதே. உங்கள் தொகை அதற்குக் கீழே இருக்கும் என்றே தோன்றுகிறது.

அட்டைகளைப் பற்றி ஒரு வார்த்தை. ரிசர்வ் வங்கியின் 2020ஆம் ஆண்டு விதிப்படி, புதிதாகத் தரப்படும் டெபிட், கிரெடிட் அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு அணைக்கப்பட்டே வரும். அதை நாமே இயக்க வேண்டும். மியூனிக் சென்ற பிறகு இயக்கலாம் என்று விட்டுவிட்டால், அதற்கு வரும் ஓடிபி இந்திய எண்ணுக்கு வந்து நிற்கும். அந்த சிம்மை அவள் உடன் எடுத்துச் செல்லட்டும். காலாவதியாகாமல் மாதந்தோறும் ரீசார்ஜ் செய்கிற பொறுப்பு அத்தானுடையதாக இருக்கட்டும்.

இனி எழுதப்போவது எல்லாவற்றிலும் முக்கியமானது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் பெற்றோரைக் குறிவைத்து ஏமாற்றும் கும்பல்கள் இருக்கின்றன. "உங்கள் மகள் கைதாகியிருக்கிறாள், உடனே பணம் அனுப்புங்கள்" என்று காவல்துறைச் சீருடையில் வீடியோ அழைப்பு வரும். பின்னணியில் ஒரு பெண் அழும் குரலும் கேட்கும். இப்படி வீடியோ அழைப்பிலேயே கைது செய்வதாக மிரட்டும் 'டிஜிட்டல் கைது' என்று சட்டத்தில் ஒன்று இல்லவே இல்லை என்று 2024 அக்டோபரில் பிரதமரே தம் வானொலி உரையில் மக்களுக்குச் சொன்னார். ஆனால் அந்த நேரத்தில் ஒரு தாயின் மனம் சட்டத்தை நினைக்காது. ஆகவே மகளும் பெற்றோரும் மட்டும் அறிந்த ஒரு சொல்லை இப்போதே வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் உள்ள குளத்தின் பெயரோ, பாட்டி கூப்பிட்ட செல்லப் பெயரோ, எதுவாகவும் இருக்கலாம். பணம் கேட்டு யார் பேசினாலும், அது மகளின் குரலாகவே இருந்தாலும், அந்தச் சொல்லைக் கேட்க வேண்டும். தொடர்பைத் துண்டித்துவிட்டு, தாமே அவளை அழைக்க வேண்டும். ஏமாந்து பணம் சென்றுவிட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். இதைப் பெரிய எழுத்தில் எழுதித் தொலைபேசி இருக்கும் இடத்தில் ஒட்டுங்கள்.

டோம்பிவிலிப் பெண் எழுதியது:

நான் டோம்பிவிலியில் வளர்ந்து, இப்போது ஜெர்மனியில் முதுகலை படிக்கிறேன். பிள்ளையின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

நேரக் கணக்கை அம்மாவுக்கு முன்பே சொல்லிக்கொடுங்கள். செப்டம்பரில் மகள் செல்லும்போது ஜெர்மனி நேரம் இந்திய நேரத்துக்கு மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கும். அக்டோபர் கடைசி ஞாயிறன்று இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவதால் அது நான்கரை மணி நேரமாகிவிடும். என் அம்மாவுக்கு இதைச் சொல்ல மறந்துவிட்டேன். நவம்பர் முதல் வாரம் நான் வகுப்பில் இருந்த நேரத்தில் பதினோரு முறை அழைத்திருந்தார். டிசம்பரில் நம் ஊர் இரவு 9 மணிக்கு அழைத்தால் இங்கே மாலை நான்கரைதான், ஆனால் சன்னலுக்கு வெளியே இருட்டியிருக்கும். "இருட்டிய பிறகும் ஏன் வெளியே நிற்கிறாய்?" என்று அம்மாக்கள் பதறுவார்கள். குளிர்காலத்தில் இங்கே அவ்வளவு சீக்கிரம் பொழுது சாய்ந்துவிடும் என்று முன்பே தெரிந்திருந்தால் அந்தப் பதற்றம் இராது.

பயண நாளைப் பற்றியும் ஒரு கணக்கு எழுதி வைக்கச் சொல்லுங்கள். நேரடி விமானமே ஒன்பது மணி நேரத்தை ஒட்டி ஆகும். இறங்கிய பிறகு குடிநுழைவுச் சோதனை, பெட்டி எடுப்பது, இணைய இணைப்புக் கிடைப்பது எல்லாம் சேர்ந்து இரண்டு மணி நேரம் தகவலே வராமல் இருக்கலாம். அது இயல்பு. அப்பாவின் கைப்பேசியில் ஃப்ளைட்ரேடார்24 செயலியை நிறுவிக்கொடுத்தால், விமானம் எங்கே பறக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். என் அப்பா விடியும் வரை அப்படித்தான் உட்கார்ந்திருந்தாராம். புறப்படும் நாள், பிள்ளையார் சிலைகளைக் கரைக்கும் கணபதி விசர்ஜனத்தன்று வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், சாலைகள் மூடப்பட்டு சயானிலிருந்து விமான நிலையம் செல்வதே பெரும்பாடாகிவிடும். பயணச்சீட்டு இல்லாதவர்கள் இரண்டாம் முனையத்தின் வாசலிலேயே விடைபெற வேண்டும் என்பதையும் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். உள்ளே வந்து ஜன்னல் வழியாகக் கையசைக்கலாம் என்று நினைத்து வந்த என் அம்மா, அந்தக் கதவருகில் நின்றபோதுதான் உண்மையை அறிந்தார்.

முதல் இரண்டு வாரம் மகள் சரியாகப் பேசவில்லை என்று வருந்த வேண்டாம். குடிபுகுந்த 14 நாளுக்குள் முகவரியை நகர அலுவலகத்தில் பதிய வேண்டும். வங்கி, காப்பீடு, பல்கலைக்கழகச் சேர்க்கை எல்லாம் அதைத் தொடர்ந்து வரும். ஒவ்வொரு நாளும் நீண்ட நேரம் பேசுவதைவிட, தினமும் ஒரு குறுஞ்செய்தி, ஞாயிறன்று ஆற அமரப் பேச்சு என்று வைத்துக்கொண்டால் இரு பக்கமும் தாங்கும். எத்தனை மணி நேரம் செய்தி வராவிட்டால் கவலைப்படலாம், அப்போது முதலில் யாரை அழைப்பது என்பதையும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் முதலில் என் அறைத்தோழி, அடுத்துப் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகம், கடைசியாக இந்தியத் துணைத் தூதரகம் என்று வைத்திருக்கிறோம். மியூனிக்கிலேயே நமக்குத் துணைத் தூதரகம் இருக்கிறது. வெளியுறவு அமைச்சகத்தின் மதத் என்னும் இணையதளத்தில் மாணவியாகப் பதிவு செய்துகொள்ளவும் சொல்லுங்கள். ஆம்புலன்சுக்கு 112, காவல்துறைக்கு 110 என்பவை அவளுக்கு; இந்தியாவிலிருந்து அந்த எண்களை அழைத்துப் பயனில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நான் சோர்ந்திருந்த நாள்களில் அம்மாவிடம் சொல்லாமல் விட்டதற்குக் காரணம், சொன்னால் அவர் அழுவார், பிறகு அவரை நான் தேற்ற வேண்டும் என்பதுதான். அவர் ஒருநாள், "நீ அழுதால் நானும் அழுவேன், ஆனால் சாப்பிட்டுவிட்டுத்தான் தூங்குவேன்" என்று சொன்ன பிறகு என்னால் எல்லாவற்றையும் சொல்ல முடிந்தது. உங்கள் அக்கா இன்சுலின் பற்றி மகளிடம் சொன்னால், மகளும் அங்கிருந்து உண்மையைச் சொல்வாள்.

முலுண்ட்வாசி எழுதியது:

பதில் எழுதிய மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இவை எல்லாவற்றையும் அச்சிட்டு எடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை சயானுக்குச் சென்று இருவருக்கும் படித்துக் காட்டினேன். மளிகைக் கடை உவமையைக் கேட்டதும் அத்தான், "இதை முதலிலேயே இப்படிச் சொல்லியிருக்கலாமே" என்று சொல்லி, மாதம் எவ்வளவு வரும் என்று தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். பெயர்களை ஒப்பிடும் வேலையையும் அவரே எடுத்துக்கொண்டார். மகளுடைய காப்பீட்டுத் தாளில் தம் பெயரில் ஓர் எழுத்து விடுபட்டிருப்பதைக் கண்டுபிடித்தும்விட்டார். இருவருடைய பாஸ்போர்ட்டுக்கும் விண்ணப்பிக்க ஆதார் திருத்தத்தைத் தொடங்கியிருக்கிறோம்.

குருமா மசாலாவில் அக்கா கசகசா சேர்ப்பவர்தான். அந்தப் பொட்டலம் பையிலிருந்து வெளியே வந்துவிட்டது.

இன்சுலின் விஷயத்தில் செம்பூர் அம்மா எழுதியதை இரண்டு முறை படிக்கச் சொன்னார். அன்று ஒன்றும் பேசவில்லை. நேற்றிரவு அழைத்து, என் சத்தியத்திலிருந்து என்னை விடுவிப்பதாகவும், ஆனால் தாமே சொல்லப்போவதாகவும், அப்போது நான் உடன் இருக்க வேண்டும் என்றும் சொன்னார். வரும் சனிக்கிழமை செல்கிறேன். வீடியோ அழைப்பை மற்றவர் உதவியின்றித் தாமே செய்வதற்கும் அன்றே பழக்கித் தரும்படி கேட்டிருக்கிறார். மருமகள் அடுத்த அறையில் உட்கார்ந்து எடுப்பாள்.